நூற்றுக்கு எத்தனை?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் மூன்று வாரமாக என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்டு வந்தார். நூலகத்தில் கேட்டார், உணவுக் கூடத்தில் கேட்டார், பொங்கல் விழாவன்று கரும்புக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு போகும்போதுகூட நின்று கேட்டார். "பௌதிக மாணவிதானே நீங்கள்? விஞ்ஞானத்தைப் பற்றி எளிய தமிழில் ஏதாவது எழுதுங்களேன்" என்றார். சரி என்றேன். பௌதிகத்துக்கு அடிப்படை அளத்தல். ஆகவே அளத்தலைப் பற்றியே எழுதப் போகிறேன். அளக்கப்பட்ட பொருள் மட்டும் சற்று விசேஷமானது. அது என் முதுகெலும்பு.

என்னைப் பற்றி விடுதியில் இரண்டு கட்சிகள் இருப்பது எனக்குத் தெரியும். மாலையில் நான் மைதானத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்தவர்கள் ஒரு கட்சி. காலையில் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக நான் இறங்குவதைப் பார்த்தவர்கள் மற்றொரு கட்சி. முதல் கட்சியார் என்னை நல்ல நடிகை என்கிறார்கள். இரண்டாம் கட்சியார் "பாவம்" என்கிறார்கள். இரு சாராரும் கண்டது உண்மையே. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நாளில் நடக்கிற காரியங்கள்தாம்.

என் நோய்க்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். பெயரே முதுகை ஒடிக்கும். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியும் சேருகிற மூட்டில் அழற்சி தொடங்குகிறது. பிறகு மேலே ஏறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அழற்சி கண்ட இடங்களில் புது எலும்பு வளர்ந்து முதுகின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. முதியவர்களுக்கு வரும் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற வயதில்தான் இது தொடங்குகிறது. இதற்கு இன்னொரு வினோத குணமும் உண்டு. சாதாரண இடுப்புவலி படுத்தால் தணியும். இது படுத்தால் கூடும்; நடந்தால் தணியும். ஆகையால் ஊரில் எனக்குச் சொல்லப்பட்ட புத்திமதிகள் எல்லாம் தலைகீழாகவே முடிந்தன. "நல்லா ஓய்வெடு" என்று சொல்லாதவர் யார்? நான் ஓய்வெடுத்தேன், வலி ஓய்வெடுக்கவில்லை.

பத்தொன்பதாம் வயதில் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் இந்த நோய் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோவில்பட்டியிலிருந்து டில்லிக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்த பிறகு, இருபத்திரண்டாம் வயதில், எம்.ஆர்.ஐ. படம் ஒன்றைப் பார்த்து ஒரு மருத்துவர் பெயரைச் சொன்னார். நோயின் பெயரைக் கேட்டு மகிழ்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அன்று எண்ணினேன். பிறகு விசாரித்ததில், இந்த நோய்க்காரர் பலருக்கும் அப்படித்தானாம்.

சரி, சான்றிதழுக்கு வருவோம்.

பருவத் தேர்வு மூன்று மணி நேரம். சாய்வில்லாத மரப்பலகை. முதல் மணி நேரம் கேள்வித்தாளோடு போராடலாம். இரண்டாம் மணியிலிருந்து போராட்டம் பலகையோடுதான். "மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் எழுந்து நடக்க அனுமதி வேண்டும்" என்று கேட்டேன். "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். விடுதியில் தரைத்தளத்தில் ஓர் அறை கேட்டேன். அங்கேயும் அதே கேள்வி. மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பை நீட்டினால், "இது நோய்ச் சீட்டு, நாங்கள் கேட்பது ஊனச் சான்றிதழ்" என்றார்கள். இரண்டும் வேறு வேறு சாதி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

சட்டத்தை எடுத்துப் படித்தேன். பௌதிகத்தை விடக் கடினமாக இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைச் சொன்னது. 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றைச் சொல்கிறது. அந்த இருபத்தொன்றில் நாட்பட்ட வலி என்று ஒன்று இல்லை. வலிக்கு அங்கே அடியோடு இடமில்லை என்றும் சொல்வதற்கில்லை. அரிவாள் அணு நோய் பட்டியலில் இருக்கிறது. அந்த நோயின் பெருந்துன்பம் வலிதான். ஆனால் அது நோயின் பெயரால் உள்ளே வந்ததே தவிர, வலியின் பெயரால் வரவில்லை. என்னைப் போன்றவர்கள் "இயக்க ஊனம்" என்ற வாசல் வழியாக நுழைய வேண்டும். முதுகு எவ்வளவு வளைகிறது, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள்.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இரண்டு விளக்கங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, மாற்றுத் திறனாளி யார் என்பது. உடலிலோ மனத்திலோ புலனிலோ நீண்ட காலக் குறைபாடு ஒன்று இருந்து, அது வெளியே உள்ள தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கு கொள்ள முடியாமல் போகிறவர் யாரோ அவர். எவ்வளவு அழகான விளக்கம் பாருங்கள்! என் முதுகும் இருக்கிறது; சாய்வில்லாத பலகையும் இருக்கிறது. இரண்டாவது விளக்கத்தில் பலகையைக் காணோம். அங்கே இருப்பது ஓர் எண். நூற்றுக்கு நாற்பது. அதற்குக் குறையாமல் சான்று பெற்றவருக்கே உயர்கல்வியில் 5 சதவீத இடமும், அரசுப் பணியில் 4 சதவீத இடமும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டமோ 80 சதவீதம் கேட்கிறது. குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கவும் வேண்டும். அவ்வளவுக்கும் பிறகு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். அடையாள அட்டைக்குக்கூட நிறம் உண்டு. 40-க்குக் கீழ் வெள்ளை. 40 முதல் 80-க்குக் கீழ் வரை மஞ்சள். 80-க்கு மேல் நீலம்.

விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"ஏட்டி, ஊனம்னு எழுதி வாங்கப் போறியாக்கும்?"

"ஆமாம்மா."

"நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா நான் என்னட்டி சொல்ல?"

"எழுதி வாங்கினாலும் வாங்காட்டாலும் முதுகு அதே முதுகுதாம்மா."

"முதுகு உள்ள இருக்கு. தாளு வெளிய இருக்கும்லா."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டிய காலத்தில், குனிந்து உட்கார்ந்து குனிந்து உட்கார்ந்து அம்மாவின் இடுப்பும் கெட்டது. அவள் எந்தச் சான்றிதழும் கேட்டதில்லை. உடம்பு நோவைத் தெருவில் போட்டு உடைக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் பாராளுமன்றச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படித்துவிட்டா வருகிறார்கள்? அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாளில் பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் தேதி வாரியாக அடுக்கித் தைத்து, விரைவு அஞ்சலில் வந்து சேர்ந்தன.

விண்ணப்பத்தை "ஸ்வாவலம்பன்" என்ற அரசு இணையத்தளத்தில் போட வேண்டும். தன் காலில் நிற்பது என்று பொருளாம்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்ததா என்று தெரியவில்லை. என் ஆதார் அட்டையில் தூத்துக்குடி மாவட்டத்து முகவரி இருந்தது. ஆகவே ஆஸ்பத்திரிச் சாளரத்தில் இருந்தவர், "உங்கள் மாவட்டத்துக்குப் போங்கள்" என்று சொல்லிக் காகிதங்களைத் திருப்பித் தள்ளினார். சிகிச்சை பெறுகிற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. வெளியூரில் படிக்கும் நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். அவர் படித்தார், உள்ளே போனார், திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். முதல்நாள் அவர் வேண்டுமென்று விரட்டினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருத்துவக் குழு கூடும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். குழு பதினொன்றரைக்கு வந்தது. காத்திருப்பதற்கு இரும்பு விசிப்பலகை. வலிக்காரர்களைச் சோதிப்பதற்கென்றே செய்தது போன்ற விசிப்பலகை அது. அங்கேயே ஒருவர் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிச் சோதனை முடிந்திருக்கும். ஆனால் சோதனை அறைக்குள்தான் நடக்கும்.

என் பக்கத்தில் ஓர் இளைஞன். மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்கால் போனவன். என் காகிதங்களை எட்டிப் பார்த்துவிட்டு, இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா என்று இந்தியில் கேட்டான். ஆம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். சோதனைக்கு வரும் நாளில் மாத்திரையும் கூடாதாம், உடற்பயிற்சியும் கூடாதாம். இறுகிப் போய் வந்து நின்றால்தான் எண் ஏறுமாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது முறையாக வந்திருந்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாற்பது நிமிஷம் பயிற்சி செய்கிறேன். எழுகிறேன் என்பதைவிட, உருண்டு கட்டிலை விட்டு இறங்குகிறேன் என்பது சரி. அந்தப் பயிற்சியால்தான் முதுகு இன்னும் வளைகிறது. மருத்துவர்கள் இந்த நோய்க்கு மாத்திரைக்கு ஈடாகச் சொல்வது அதைத்தான். அது சரிவர நடந்தால் முதுகு வளையும். முதுகு வளைந்தால் சதவீதம் குறையும். சோம்பி இருந்து முதுகை ஒட்டவிட்டவளுக்கு மஞ்சள் அட்டை. ஐந்து மணிக்கு எழுந்தவளுக்கு வெள்ளை அட்டை. செலவழித்த உழைப்பை எந்தத் தாளும் கேட்கவில்லை. அன்று காலையும் நான் பயிற்சி செய்துவிட்டுத்தான் போனேன். அளக்கப்படும் பொருளைக் குலைத்துவிட்டு அளப்பது விஞ்ஞானிக்கு அழகன்று என்று பெருமை பேசலாம். உள்ளதைச் சொன்னால், ஒருநாள் விட்டால் மூன்று நாள் அனுபவிக்க வேண்டும் என்ற பயமும் ஒரு காரணம்.

விசிப்பலகையில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தபடி அம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்தார்.

"தமிழா கண்ணு? எந்தூரு?"

சொன்னேன். அவருக்குச் சேலம் பக்கம். கல்யாணமான புதிதில் டில்லிக்கு வந்தவராம். முப்பது வருஷம் ஓடிவிட்டதாம்.

"இங்க எதுக்கு நிக்கிற? கையி காலு நல்லாத்தானே இருக்குது?"

"முதுகு வலிம்மா."

"வலின்னா? குத்துதா, குடையுதா, இழுக்குதா, கடுக்குதா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். நான்கு வருஷத்தில் எத்தனையோ மருத்துவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி வலிக்கிறது என்று முதல் முதலாகக் கேட்டவர் ஈரத் துணியோடு நின்ற அந்த அம்மாள்தான்.

"ராத்திரி மூணு மணிக்குக் குடையும். முழிப்பு வந்துரும். காலைல எந்திரிக்கும்போது கட்டை மாதிரி இறுகிக் கெடக்கும். வலி கூட இல்ல அப்ப, இறுக்கம். நடக்க நடக்க இளகும். பெறகு உக்கார்ற எடத்துல, ஒருநாள் இந்தப் பக்கம் உளையும், ஒருநாள் அந்தப் பக்கம்."

"இதெல்லாம் உள்ள சொல்லுவியா?"

"அவங்க கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்காட்டி என்ன? நீயா சொல்லு. எனக்கு முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, எனக்கெல்லாம் எவன் பர்சண்ட்டு போடுவான்? ஒப்பந்தக் கூலி. ஒருநாள் வல்லீன்னா ஒருநாள் சம்பளம் இல்ல. நீ படிச்ச புள்ள. சொல்லு."

மேற்பார்வைக்காரர் வரவே அவர் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

நம் மொழியில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு. சுருக்கென்று தைப்பது ஒன்று. விண்விண்ணென்று தெறிப்பது வேறொன்று. மரத்துப் போவதும் கனத்துப் போவதும் தனி. எங்கள் ஊர்க் கிழவிகள் இடுப்பு "இத்துப்போச்சு" என்பார்கள். அது இவை எதிலும் அடங்காதது. கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர் 1975-இல் மெக்கில் வலி வினாப்பட்டியல் என்று ஒன்றை வெளியிட்டார். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களில் 78-ஐத் தொகுத்து, இருபது குழுக்களாகப் பிரித்து, உனக்குப் பொருந்துவது எது என்று கேட்கும் பட்டியல் அது. உலகெங்கும் மருத்துவ ஆராய்ச்சியில் அது பயன்பட்டிருக்கிறது. சேலத்து அம்மாள் அன்று என்னிடம் நான்கே சொற்களில் கேட்டதும் அந்தக் கேள்விதான்.

உள்ளே மூன்று மருத்துவர்கள். கடுகடுப்பானவர்கள் அல்லர், களைத்தவர்கள். இளையவர் என்னை நேராக நிற்கச் சொல்லி முதுகின் அடியில் ஒரு கோடும், அதற்கு 10 செ.மீ. மேலே ஒரு கோடும் மையால் இட்டார். "குனியுங்கள்." குனிந்தேன். இரண்டு கோடுகளுக்கும் இடையே நாடாவை வைத்துப் பார்த்தார். ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1937-இல் வகுத்த முறை இது. ஆரோக்கியமான முதுகானால் பத்து பதினைந்துக்கு நீள வேண்டும். எனக்குப் பதின்மூன்றரை. பிறகு கோணமானியை வைத்து இடுப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்குமே, அந்தப் பாகைமானிக்கு இரண்டு கைகள் முளைத்தது போன்ற கருவி. இவை எல்லாம் ஒழுங்கான அளவைகள். இன்னொருவர் அளந்தாலும் ஏறத்தாழ அதே விடை வரும். எனக்கு அவற்றின் மேல் குறையே இல்லை.

கடைசியில் பெரியவர் கேட்டார்: "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்."

"ஏழு" என்றேன். ஏன் ஏழு? எனக்கே தெரியாது. இந்த அளவுகோலில் பூஜ்யம் எது என்பதை நான் நான்கு வருஷமாகப் பார்க்கவில்லை. பத்து எது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும், பார்க்காமலே இருக்கட்டும். இரு முனையும் தெரியாத அளவுகோலில் எடுத்த புள்ளியைச் சோதனைச் சாலையில் என் ஆசிரியரிடம் கொண்டுபோனால் நோட்டுப் புத்தகம் பறந்து வரும். ஆயினும் அவர் "7" என்று எழுதிக்கொண்டார்.

அப்போது அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. "இன்னும் கொஞ்சம் சொல்லலாமா?" என்று கேட்டேன். என் இந்தி விடுதி இந்தி. அதில் வலிக்கு "தர்த்" என்ற ஒரே சொல்தான். (இந்தியிலும் டீஸ், சுபன், ஜக்டன் என்று வகை வகையாக உண்டென்று ஒரு தோழி பிறகு சொன்னாள். குறை மொழியினுடையதன்று.) இரவு மூன்று மணி, கட்டை போன்ற இறுக்கம், நடந்தால் இளகுவது, பக்கம் மாறுவது எல்லாவற்றையும் கையால் பாதி, வாயால் பாதி சொன்னேன். உட்காரும் இடத்தைச் சுட்டிக்காட்ட வெட்கமாக இருந்தது, காட்டினேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "இது சரியான வர்ணனை. இந்த நோய்க்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஆனால் இதற்கு இங்கே கட்டம் இல்லை, பேட்டி." பேட்டி என்றால் மகளே. அவர் குரலில் பொய் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் கட்டம் ஏன் இல்லை என்று தேடத் தொடங்கினேன். பௌதிகக்காரியின் புத்தி அப்படித்தான் போகும்.

வலியை அளக்க முயலாதவர்கள் அல்லர் விஞ்ஞானிகள். 1940-இல் நியூயார்க்கில் ஹார்டி, வுல்ஃப், குடெல் என்ற மூவர் ஒரு கருவி செய்தார்கள். நெற்றியில் கரி பூசி, விளக்கின் வெப்பத்தை மூன்று வினாடி அதன்மேல் குவித்து, எந்த வெப்பத்தில் சுடும் என்று பார்த்தார்கள். வலிக்கு "டால்" என்று ஓர் அலகுகூட வைத்தார்கள். மீட்டர், கிலோகிராம் போல டால்! பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டது வேறு. பெருங்காயம் பட்டுக் கிடந்த போர்வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்று அவர் 1946-இல் எழுதினார். போர்முனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பப் போகிறவனின் காயம் அது. விடியற்காலை மூன்று மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பவளின் வலியை எந்த விளக்கால் அளப்பது? டால் இன்று வழக்கில் இல்லை. வலி பற்றிய ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் திருத்திய தன் விளக்கத்தோடு சேர்த்த குறிப்புகளில், வலி எப்போதும் அவரவர் அனுபவமே என்றும், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சர்க்காருக்கு இது சிக்கலான நிலைமைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொன்னதையெல்லாம் நம்பினால் வரிசை செங்கோட்டை வரை நீளும் என்று அஞ்சுகிறார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணினார்கள். 2001-இல் மத்திய அரசு வெளியிட்ட அளவீட்டு நெறிமுறைகளில் முதுகெலும்புக்கு ஒரு சிறு பட்டியல் உண்டு. உறுப்பில் காட்டக்கூடிய கோளாறு இல்லாமல் நோயாளி வலி என்று மட்டும் சொன்னால் 0. வலியும் இறுக்கமும் இருந்து எக்ஸ்ரேயில் சிறு மாறுதல் தெரிந்தால் 20. மாறுதல் நடுத்தரமானால் 25. கடுமையாகி முதுகின் ஒரு பகுதியைப் பிடித்தால் 30. முழு முதுகையும் பிடித்தால் 40. அதாவது, முதுகு முழுதும் போன பிறகு வாசற்படியில் கால் வைக்கலாம். நெறிமுறைகள் 2018-லும் 2024-லும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் அளப்பதற்கு நாடாவும் கோணமானியும் படமுமே முக்கியம்.

அந்த 0 என்ற எண்ணைத்தான் என்னால் எளிதில் விட முடியவில்லை. பத்தொன்பது வயது முதல் இருபத்திரண்டு வரை என் படங்களில் ஒன்றும் தெரியவில்லை அல்லவா? அந்த மூன்று வருஷத்துக்கு நான் பெற்றிருக்கக்கூடிய மதிப்பெண் அதுதான். பௌதிகத்தில் கருவிக்கு எட்டாத ஒன்றைப் பற்றி எழுதும்போது, "எம் கருவியால் காண இயலவில்லை" என்று எழுதுவோம். பூஜ்யம் என்று எழுத மாட்டோம். அவை இரண்டும் ஒன்றல்ல என்பதை முதலாண்டு மாணவனுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து என் எண் வந்தது. 28. முதுகுக்கு 25, இடுப்புக்கு 4. இருபத்தைந்தும் நான்கும் இருபத்தொன்பது அல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு ஊனங்களை வெறுமனே கூட்ட மாட்டார்கள். பெரியதை அ என்றும் சிறியதை ஆ என்றும் கொண்டால், அ + ஆ(90 - அ)/90 என்பது சூத்திரம். போட்டுப் பாருங்கள், 27.9 வரும். கணக்கு சரியாக இருந்தது கண்டு எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். சான்றிதழ் ஐந்தாண்டுக்குச் செல்லும். பிறகு மறுபடி அளக்க வேண்டும். அட்டை வெள்ளை. ஒப்பாவிட்டால் மேல்முறையீடு செய்ய 59-ஆம் பிரிவு இடம் தருகிறது. நான் செய்யவில்லை. நாடா பொய் சொல்லவில்லை; பதின்மூன்றரை பதின்மூன்றரைதான்.

அம்மாவுக்குச் சொன்னேன்.

"எத்தனையாம்?"

"இருபத்தெட்டு."

"நூத்துக்கா?"

"ஆமா."

"முப்பது கூட இல்லையா! பெறகென்னட்டி, அது ஒண்ணுமில்ல." அவள் குரலில் அத்தனை ஆறுதல். மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறேன் என்றாள். பன்னிரண்டு குறைந்துவிட்டதே என்று இங்கே நான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு குறைந்ததே என்று அங்கே அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

28-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? இட ஒதுக்கீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமார் என்பவர், மத்தியப் பணியாளர் தேர்வில் உதவி எழுத்தாளர் கேட்டு வழக்காடினார். 40 சதவீதம் இல்லை என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் முதல் விளக்கத்துக்கும் இரண்டாம் விளக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நீதிபதிகள் அங்கே எடுத்துக்காட்டினார்கள். ஒருவருக்கு வேண்டிய வசதியைச் செய்து தருவது ஒரு கடமை. அதற்கு இரண்டாம் விளக்கத்தின் எண்ணைச் சுங்கமாகக் கேட்கக் கூடாது. அடுத்து 2022 ஆகஸ்டில், 40-க்குக் குறைவாக இருந்து எழுதுவதில் சிரமப்படுவோருக்கும் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் தரலாம் என்று மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. தீர்ப்பையும் நெறிமுறையையும் வெள்ளை அட்டையையும் சேர்த்துத் தைத்துத் துறையில் கொடுத்தேன்.

"உங்களுக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது? எழுதுவதில் சிரமம் எங்கே வந்தது?" என்றார்கள்.

"கை எழுதும். ஆனால் நான் நின்றுகொண்டு எழுத முடியாதே" என்றேன்.

இது பத்து நாள் நடந்தது. முடிவில் கூடுதல் நேரம் கிடைக்கவில்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து பின்வரிசையில் ஐந்து நிமிஷம் நடக்கலாம் என்றும், சாய்வுள்ள நாற்காலி ஒன்று போடலாம் என்றும் அனுமதி வந்தது. நடக்கும் நேரம் தேர்வு நேரத்திலேயே கழியும். முதன்முதலில் நான் கேட்டதும் இவ்வளவுதான். தரைத்தளத்து அறையும் கிடைத்திருக்கிறது. சமையலறைப் புகை கொஞ்சம் வரும், பாதகமில்லை. அந்தச் சேலத்து அம்மாளைப் பார்த்துச் சொல்லலாம் என்று இரண்டு முறை போனேன். ஒப்பந்தம் மாறி வேறு ஆட்கள் வந்திருந்தார்கள்.

நம் சங்கத்தில் எனக்குத் தெரிந்தே இன்னும் இரண்டு பேர் இந்த விண்ணப்பத்தைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். விதிகளின் அச்சுப் பிரதி, தீர்ப்பு, எந்தச் சாளரத்தில் எந்தக் காகிதம் என்ற குறிப்பு எல்லாம் என்னிடம் ஒரு கோப்பில் இருக்கின்றன. வலியைச் சொல்லும் தமிழ்ச் சொற்களுக்கு நேரான இந்திச் சொற்களையும் தோழியின் உதவியோடு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். குடைச்சலுக்கு மட்டும் இன்னும் திருப்தியான சொல் அகப்படவில்லை. வேண்டுபவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் மட்டும் கதவைத் தட்ட வேண்டாம். எழுந்து வந்து திறக்க நேரமாகும்.